சின்னது, நடுத்தரம், பெருசு

இன்று காலை வண்டியூர் பாத்திரக் கடையில், கல்லா மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன். பழைய இன்டர்நெட் பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலை. டார்ச் அடித்துப் பார்த்தபோது சுவரோடு ஒட்டிப்போன ஒரு ஒயரில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. அதில் உன் கையெழுத்து. ‘இந்த ஒயரைப் பிடுங்காதீங்க. பிடுங்குனா பில் வராது.’

தூசியை விரலால் துடைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நின்ற கடைக்கார அண்ணன் என்னம்மா, ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். புதுப் பெட்டிக்கு அந்த ஒயர் தேவைப்படாது, எடுத்துவிடலாம் என்றேன்.

“இருக்கட்டும்மா. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகுது” என்றார்.

எதற்கும் உதவாத அந்த ஒயரை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் என்னை உண்டு இல்லையென்று ஆக்கியிருப்பாய்.

ஆபீசுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் உன் நினைப்புதான். நாம் வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரே நாளில் விலகி, தல்லாகுளத்தில் அந்த ஜெராக்ஸ் கடை மாடியைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? கீழே வக்கீல் குமாஸ்தாக்கள் நகல் எடுக்க வரிசையில் நிற்பார்கள். அவர்களை விலக்கிக்கொண்டுதான் மாடிப்படி ஏற வேண்டும். நம்மிடம் வந்தவர்கள் எல்லோரும் நடுத்தர வியாபாரிகள். மருந்து மொத்த வியாபாரம், ரத்தப் பரிசோதனைக் கூடம், பாத்திரக் கடை, பட்டறை. கம்ப்யூட்டர் இல்லாமல் அவர்களுக்கு ஒரு பில் போட முடியாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்கவும் கட்டுப்படியாகாது. அந்த இடைவெளியில்தான் நாம் பிழைத்தோம். நீ பேசிப் பிடித்து வருவாய். நான் போய்ச் சரிசெய்வேன்.

கேட்டவருக்குக் கேட்டபடி செய்துகொடுத்தோம். ஒரு கடையில் பழைய கம்ப்யூட்டரையே தட்டிக்கொட்டி ஓட்டுவேன். இன்னொரு கடையில் முதலாளியின் மச்சான் வாங்கிவந்த ஏதோ ஒரு பெட்டியை வைத்துச் சமாளிப்பேன். எந்தக் கடையும் இன்னொரு கடை மாதிரி இருக்காது. எங்கே எது எப்படி ஓடுகிறது என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது. போனை எடுத்ததும் “செல்வி இருக்காங்களா?” என்றுதான் கேட்பார்கள். உன்னை யாரும் கேட்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. ஊரில் பாதிக் கடை என் கைக்குள் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

எனக்கு டெங்கு வந்ததில் அந்த நினைப்பு போனது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. நீ லேப்டாப்போடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். மருந்து மொத்த வியாபாரியின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பாஸ்வேர்டு என்ன என்று கேட்டாய். காய்ச்சல் மயக்கத்தில் நான் ஏதேதோ சொன்னேன். ஒன்றும் திறக்கவில்லை. மருந்துக் கடைகளுக்குச் சரக்கு போக வேண்டிய நேரம். அந்த மனிதர் உன் போனுக்கு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் வந்து உன்னை வெளியே போகச் சொன்னாள். நீ லேப்டாப்பை மூடிவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாய்.

“உனக்குக் காய்ச்சல் வந்தா அவுங்க கடைக்கும் சேந்து காய்ச்சல் வருது. இதுக்குப் பேரு தொழில் இல்லடி” என்றாய்.

நான் வீட்டுக்கு வந்து தெம்பாக நடமாட ஆரம்பிப்பதற்குள் நீ யோசித்து முடித்திருந்தாய். இனிமேல் யாருக்கும் தனித்தனியாகத் தைத்துக் கொடுப்பதில்லை. ரெடிமேட் சட்டை மாதிரி மூன்றே அளவு. ஒவ்வொரு அளவுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரி வைரஸ் காவல், கடை சாத்தும் நேரத்தில் கணக்கையெல்லாம் வேறொரு இடத்தில் தானாகவே நகல் எடுத்து வைக்கும் ஏற்பாடு, மாதம் ஒரு தடவை நேரில் வந்து பார்ப்பது. என்னென்ன உண்டு, என்னென்ன கிடையாது, விலை என்ன, எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். பெயர் வைப்பதில்தான் நமக்குள் சண்டை. சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்றேன் நான். நகைக்கடைச் சீட்டா நடத்துகிறோம் என்று கேட்டுவிட்டு, சின்னது, நடுத்தரம், பெருசு என்று நீயே எழுதிவிட்டாய்.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பாத்திரக் கடையும் பரிசோதனைக் கூடமும் ஒன்றா என்று கேட்டேன். ஒவ்வொரு கடையும் வேறு வேறு என்று வாதாடினேன். என் கைவேலையை நீ பொட்டலம் கட்டி விற்கப் போகிறாய் என்று கூடச் சொன்னேன். நீ கோபப்படவில்லை.

“கடை வேற வேறதான் செல்வி. கரண்டு போனா எல்லாக் கடைக்குள்ளயும் ஒரே இருட்டுத்தான்.”

முனகிக்கொண்டே அந்தத் தாளை அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு நாம் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அது தனிக்கதை. நம்மூரில் பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கினால் வீட்டில் மரியாதை இருக்காது. எல்லோரும் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதில் ஒன்றை எடுத்துவிட்டு விலையைக் குறை என்பார்கள். அவர்கள் எடுக்கச் சொல்வது எப்போதும் அந்த நகல் எடுக்கும் ஏற்பாட்டைத்தான். ஏனென்றால் அது வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது. “சட்டையில ஒரு கைய வெட்டிட்டு வெலையக் குறைப்பாங்களாண்ணே?” என்று நீ சிரித்துக்கொண்டே கேட்பாய். பாத்திரக் கடை அண்ணன் அதைக் கேட்டுத்தான் மடங்கினார். சின்னது எடுத்தார். நம் முதல் ‘சின்னது’ அவர்தான்.

உன் தாய்மாமா மட்டும் மடங்கவில்லை. நமக்கு இருந்ததிலேயே பெரிய வாடிக்கையாளர் அவர். நூல் மொத்த வியாபாரம். நாம் மாடியைப் பிடித்தபோது முதலில் வேலை கொடுத்து நம்மை நிமிர்த்தியவரும் அவர்தான். கூப்பிட்ட நேரத்துக்கு நான் அவர் சரக்குக் கிட்டங்கியில் நிற்க வேண்டும், பாதி நாள் அங்கேயே இருந்தாலும் நல்லது என்பது அவருடைய வழக்கம். நீ அவரிடமும் அந்தத் தாளை நீட்டினாய். அவர் அதைத் தொடவே இல்லை. அக்கா மகள் மாமனிடம் விலைப்பட்டியல் நீட்டுகிறாள் என்று தமிழை விட்டு உங்கள் வீட்டுப் பாஷையில் உன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். உன் அம்மா உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் தட்டில் சோறு விழும், பேச்சு விழாது என்று நீயே சொன்னாய்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் போனதில் நம் வருமானத்தில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. உன்னைத் தெப்பக்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்து, மாமாவுக்கு மட்டும் பழையபடியே செய்து கொடுத்துவிடலாம் என்று கெஞ்சினேன். ஒருவருக்கு மட்டும்தானே, நான் போய் வருகிறேன், எனக்கு ஒன்றும் சிரமமில்லை என்றேன். குளத்தில் அப்போது தண்ணீர் நிறைந்து கிடந்தது. நீ சாயங்கால வெயிலில் நடு மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“அவருக்குக் குடுத்தா அடுத்தவரும் கேப்பாரு. அப்புறம் நாலாவதா ஒரு பேக்கேஜ் வரும். அந்த நாலாவது பேக்கேஜுக்குப் பேரு செல்வி” என்றாய். கொஞ்சம் கழித்து என் பக்கம் திரும்பி, “உன்னைய நான் விக்க மாட்டேன்டி” என்றாய்.

அதுவரைக்கும் நீ தொழிலை யோசிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கிடந்த கோலம் உனக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று அந்தக் கைப்பிடிச் சுவரில்தான் தெரிந்தது. சண்டை போடுவதை அன்றோடு விட்டேன். இருக்கிற கடை ஒவ்வொன்றையும் பிரித்து, ஒரே மாதிரி மாற்றிக் கட்டினேன். ஒயர்களுக்கெல்லாம் நீ மஞ்சள் டேப் சுற்றி எழுதி ஒட்டிக்கொண்டே வந்தாய். அதற்குப் பிறகுதான் யாஸ்மின் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்கு வந்தவள். எல்லாக் கடையும் ஒரே மாதிரி இருந்ததால் ஒரு கடையைக் கற்றுக்கொண்டதும் அவளுக்கு எல்லாக் கடையும் தெரிந்துவிட்டது. நான் வருஷக்கணக்காகத் தலையில் சுமந்ததை அவள் சில வாரங்களில் பிடித்துக்கொண்டதைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

அழகர்கோவில் காதுகுத்து நடந்த நாளைப் பற்றி நீ எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குக் கிடா வெட்டு. மலையடிவாரத் தோப்பில் சொந்தபந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே போனுக்குச் சரியாகச் சிக்னல் கிடைக்காது. பஸ் ஏறி ஊர்ப்பக்கம் வரும்போது போன் உயிர் பெற்றுத் தொடர்ந்து துடித்தது. பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மா அத்தனை தடவை கூப்பிட்டிருந்தார். காலையில் அவர் அனுப்பிய மெசேஜும் கிடந்தது. அவர்களுடைய கம்ப்யூட்டர்களில் வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. நோயாளிகளின் ரிசல்ட் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. ஆபரேஷனுக்குத் தயாராக இருந்தவர்களின் ரிப்போர்ட்டும் அதற்குள் மாட்டிக்கொண்டது. பணம் அனுப்பினால்தான் திறப்போம் என்று திரையில் மிரட்டல்.

நான் உனக்கு அடித்தேன். போனை எடுத்ததும் நீ கேட்டது இதுதான்.

“கெடாக் கறி எப்படிடி இருந்துச்சு? எனக்கு எடுத்துட்டு வாரியா?”

நான் கத்தினேன். நீ நிதானமாகச் சொன்னாய். யாஸ்மின் போய்ப் பூட்டிய கம்ப்யூட்டர்களை எல்லாம் துடைத்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் எடுத்த நகலைத் திரும்ப ஏற்றிவிட்டாள். அன்று காலையில் பதிந்தது மட்டும்தான் போயிற்று. அதைக் காகிதத்தைப் பார்த்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆபரேஷன் ரிப்போர்ட் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. நான் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற சித்தி யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் அழுகிறேன் என்று அவளுக்கு எப்படிப் புரியவைக்க?

அந்தச் செய்தி கடைக்குக் கடை பரவியது. பேரம் பேசியவர்கள் தாங்களாகவே வந்தார்கள். உன் மாமாவும் ஒருநாள் மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து, எதிலே சேர்ந்தால் தனக்குச் சரியாக வரும் என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். நடுத்தரம் போதும் மாமா, பெருசு உங்களுக்கு வேண்டாம் என்றாய். பழைய பேச்சு எதையும் நீ எடுக்கவில்லை. கீழே ஆள் அனுப்பிக் காபி வாங்கிவரச் சொன்னாய். அவர் பாதிக் காபியில் மெல்லச் சிரித்து, “எம்புட்டுக் கெட்டியா இருக்க பாப்பா. எங்கக்கா அப்படியேதான்” என்றார். அன்று சாயங்காலம் உன் அம்மா ஆபீசுக்கே பேசினார்கள். சாப்பிட வீட்டுக்கு வரும்போது செல்வியையும் கூட்டிக்கொண்டு வா என்று.

நல்ல காலம்தான் அது. இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம்.

உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே நீ உன் வேலையைப் பிரித்து வைக்க ஆரம்பித்தாய். புதுக் கடையில் எப்படிப் பேசுவது, கோபமாக வருகிறவரை எப்படி உட்கார வைப்பது, எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று யாஸ்மினுக்குச் சொல்லிக்கொடுத்தாய். வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, இனிமேல் யாஸ்மின்தான் பேசுவாள் என்று அறிமுகப்படுத்தினாய். காரணம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் ஆட்டோவில்கூட அதைத்தான் பேசிக்கொண்டு வருவாய். நான் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், வாயை மூடு, நீயே திரும்பி வந்து பேசப்போகிறாய் என்றேன். நீ என் தோளில் சாய்ந்துகொண்டாய். உன் தலையில் கட்டியிருந்த துண்டு நழுவியது. நான் எடுத்துக் கட்டிவிட்டேன்.

நீ போன அன்று என் போன் கையிலேயே இருந்தது. உன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஒன்று நின்றுபோகும் என்று எதிர்பார்த்தேன். ஒரு பில் மிஷின், ஒரு இன்டர்நெட், ஏதாவது ஒன்று. நீ கட்டியது எதுவும் நின்றுபோகவில்லை. ஊர் முழுக்க அத்தனை கடைகளும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இவ்வளவு சுத்தமாகவா ஒருத்தி தன்னைத் துடைத்து எடுத்துக்கொண்டு போவாள்?

மத்தியானத்துக்கு மேல் வர ஆரம்பித்தார்கள். முதலில் பாத்திரக் கடை அண்ணன், மனைவியோடு. அப்புறம் மருந்து வியாபாரி. டாக்டரம்மா பரிசோதனைக் கூடத்தைப் பூட்டிவிட்டு, அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பட்டறைக்காரர் கையில் கிரீஸோடு வந்து, கழுவிக்கொள்ளத் தண்ணீர் கேட்டார். தெரு முனைவரைக்கும் பைக்குகள் நின்றன. இத்தனை வருஷத்தில் எதுவும் கெட்டுப்போகாமல் அவர்கள் நம்மைத் தேடி வந்தது அன்றைக்குத்தான். என்னால் அதற்கு மேல் உன்மேல் கோபமாக இருக்க முடியவில்லை. எழுந்து போய் ஒவ்வொருவராக உட்கார வைத்தேன்.

கம்பெனி நன்றாக நடக்கிறது. திருமங்கலம், மேலூர் பக்கமெல்லாம் கடைகள் சேர்ந்திருக்கின்றன. போன மாதம் ஒரு பெரிய மில்காரர் வந்து, தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கூப்பிட்டபோதெல்லாம் நீங்களே வந்து பார்ப்பதாக இருந்தால் கேட்டதைக் கொடுக்கிறேன் என்று என்னிடம் சொன்னார். யாஸ்மின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தாளை எடுத்து மறுபடி அவர் முன்னால் வைத்தேன். அவர் எழுந்து போய்விட்டார். இன்னும் திரும்பவில்லை. வந்தால் வரட்டும். நான் அன்று வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்த் தங்கை மகளைச் சைக்கிள் பழகக் கூட்டிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு வேறு வேலை. உன் அம்மாவைப் பார்க்கப் போவேன். மருந்து மாத்திரை வாங்கிக் கொடுக்கவும், கூட உட்கார்ந்து டிவி பார்க்கவும் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று உன் மாமா சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். இப்போதெல்லாம் உன் அம்மா என்னிடம் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்ததும் உங்கள் வீட்டுப் பாஷையில்தான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சாப்பிட்டாயா, ஏன் இளைத்துப்போனாய், உட்கார், இதெல்லாம் புரிகிறது. போன வாரம் துணிந்து நானும் அந்தப் பாஷையிலேயே ஒரு பதில் சொன்னேன். உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீயும் சின்னப் பிள்ளையில் அந்த வார்த்தையை அப்படித்தான் தப்பாகச் சொல்வாயாம். திருத்த வேண்டாம், அப்படியே சொல்லு என்றார்கள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து, அடுத்த சனிக்கிழமை வருவாய்தானே என்று கேட்டார்கள்.

“வாரேம்மா” என்றேன்.